ஜிப்ரால்டர் நீரிணையில் ஓர்காக்கள் சுக்கானைப் பிடித்தால்

2020 முதல், ஸ்பெயினுக்கும் மொராக்கோவுக்கும் இடையிலுள்ள ஜிப்ரால்டர் நீரிணையிலும், போர்த்துகல் கரையிலும், ஸ்பெயினின் வடமேற்கிலுள்ள கலீசியா கரையிலும் ஓர்கா திமிங்கிலங்கள் பாய்மரப் படகுகளின் சுக்கானை முட்டி உடைத்துவருகின்றன. பழிவாங்குகின்றன என்ற பேச்சுக்குச் சான்று இல்லை. தள்ளினால் அசைகிற சுக்கான் இளம் ஓர்காக்களுக்கு விளையாட்டுப் பொருளாகி, ஒன்றைப் பார்த்து ஒன்று பழகியிருக்கலாம் என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. இந்தச் சம்பவங்களில் அவை எந்த மனிதரையும் தாக்கவில்லை. ஆபத்து, படகுக்குள் ஏறும் தண்ணீரால்தான். 2023 மே மாதம் ஸ்பெயினின் பார்பாத்தே துறைமுகம் அருகே ஒரு படகு இப்படித்தான் மூழ்கியது.

தண்ணீர் எப்படி ஏறுகிறது? 15 மீட்டருக்குக் குறைவான படகுகள் பலவற்றில் சுக்கான் ஒற்றைத் தண்டில்தான் தொங்குகிறது. பலகை மட்டும் உடைந்தால் தப்பித்தோம். தண்டு வளைந்தால் அது நெம்புகோலாகி, தான் நுழையும் இடத்தில் படகின் அடியைப் பிளந்துவிடும்.

ஆகவே கிளம்பும் முன்பே, பின்புற அறையில் தண்டு இறங்கும் இடத்தைச் சாமான் இல்லாமல் காலியாக வையுங்கள். நீர் இறைக்கும் பம்பை ஓடவிட்டுப் பாருங்கள். மிதவைப் படகு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை சூரை மீனைத் தொடர்ந்து ஓர்காக்கள் நீரிணைப் பக்கம் கூடும். அப்போது பாறைக்கும் அலைக்கும் இடம்கொடுத்து, கரையை ஒட்டியே செல்லுங்கள். 20 மீட்டர் ஆழத்துக்குள், நம் மீனவர் கணக்கில் சுமார் 11 பாகத்துக்குள், மோதல் குறைவு.

ஓர்கா தென்பட்டால் நிற்காதீர்கள். 'பாயை இறக்கி நின்றுவிடு' என்பது தொடக்க ஆண்டுகளின் அறிவுரை. இப்போது ஸ்பெயின் அரசு, இன்ஜினை ஓட்டி ஆழம் குறைந்த பக்கம் போகச் சொல்கிறது. எல்லோரும் உயிர்காப்புச் சட்டை அணிந்து படகின் நடுவில் உட்காரட்டும். விளிம்பில் நின்று படம் எடுக்க வேண்டாம். சுக்கானை அவை பிடித்துவிட்டால் சக்கரத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். வெடுக்கென்று சுழன்று கையை உடைக்கும். பட்டாசு கொளுத்துவதும் கம்பியால் குத்துவதும் வேண்டவே வேண்டாம். இந்தக் கூட்டத்தில் இருப்பதே 40-க்கும் குறைவான உயிர்கள். ஸ்பெயினில் அவற்றுக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு.

தண்டின் அடியில் ஈரம் கண்டதும் படகின் வி.எச்.எஃப். ரேடியோவில் 16-ஆம் சேனலில் உதவிக்கு அழையுங்கள். வெடிப்பில் துணியையும் மெத்தையையும் திணித்து, உள்ளிருந்து பலகை வைத்து முட்டுக்கொடுங்கள். ஓர்காக்கள் போன பிறகும் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பாருங்கள். சிறு கீறல் அலையில் மெல்ல விரியும். சுக்கான் இல்லாத படகைக் கட்டி இழுக்கும்போது இருபுறமும் அலைபாயும். பின்னால் கயிற்றில் ஒரு வாளியைக் கட்டி இழுபடவிட்டால் ஓரளவு நேராக வரும்.