குதிகாலைக் கடிக்கிற நாய் வைத்திருப்பவர்களுக்கு

எங்கள் மணி கொழும்பிலிருந்து வந்த போடர் கொலி, ஆடு மேய்க்கிற இனம், பெட்டை. மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில் எங்கள் வீட்டு முற்றத்தில் வளர்ந்தாள். ஒரு வயதுக்குள் ரியூசனுக்கு வந்த பிள்ளைகளை மதில் மூலையில் ஒன்றாகச் சேர்த்து வைத்தாள், போகிற சைக்கிளை மறித்தாள், அக்காவின் மகனுடைய குதிகாலில் பல் பதித்தாள். "விசர் நாய், ஆருக்கும் குடுத்திரு" என்றார் அம்மா. தடுப்பூசி அட்டையைக் காட்டிய பிறகும் நம்பவில்லை. உண்மையில் அவளுக்கு வேலை இல்லை, அவ்வளவுதான்.

இந்த நாயின் வேலை வேட்டையிலிருந்து வந்தது. ஓநாய் இரையைக் காணும், உற்றுப் பார்க்கும், பதுங்கி நெருங்கும், துரத்தும், கடிக்கும், கொல்லும். இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து எல்லைப் பக்கத்து ஆட்டுக்காரர்கள் இதில் முன்பாதியை வளர்த்து, பின்பாதியை மங்கவைத்தார்கள். 1893இல் நோர்தம்பர்லாந்தில் பிறந்த ஹெம்ப் என்ற நாயின் இரத்தம்தான் இன்றைய போடர் கொலிகளில் பெரும்பாலானவற்றில் ஓடுகிறது. பார்வையாலேயே ஆட்டை நகர்த்தும் அமைதியான நாய் அது. ஆனால் கடி மங்கியதே தவிர அழியவில்லை. ஆடு கிடைக்காவிட்டால் பிள்ளைகளின் கால் இருக்கிறதே.

எல்லா மேய்ப்பு நாயும் ஒரே மாதிரி வேலை செய்யாது. போடர் கொலி தூரத்தில் வளைந்து போய்க் கூட்டத்தை உங்களிடம் கொண்டுவரும். அவுஸ்திரேலிய ஹீலர் பின்னால் நின்று மாட்டின் குதிகாலைக் கடித்துத் தள்ளும். நம் ஊரில் வாசலில் கட்டிப்போட்டிருக்கும் அல்சேஷன் வேலி இல்லாத பயிர்நிலத்தின் ஓரத்தில் மேலும் கீழும் ஓடி, ஆடு பயிருக்குள் இறங்காமல் காப்பதற்கு உருவான இனம். வட்டையில், அதாவது வயல்வெளியில், வரம்போரம் மாடு மேய்க்கிற நமக்கு அதுதான் பொருத்தம் என்பேன். யாரும் செய்து பார்த்ததாகத் தெரியவில்லை.

சரி, மணியின் கதை. குருமண்வெளியில் பாதை, அதாவது வாவியைக் கடக்கிற மிதவை, ஏறி அக்கரை மண்டூருக்குப் போய், மாமாவின் பட்டியில் பழக்கினேன். மாட்டிடம் விடவில்லை, கன்று ஈன்ற பசு நாயைக் குத்திவிடும். வளர்ந்த ஆடுகளாக ஆறு, குட்டி உள்ளவை வேண்டாம். வெள்ளாடு செம்மறி போல ஒட்டி நிற்காது, திரும்பி நாயை முறைக்கும். அதனால் நாய்க்குப் பழகிய ஆடாக இருந்தால் நல்லது. வாத்தும் நல்ல வாத்தியார்தான்.

முதல் நாள் ஆடுகள் என்னைச் சுற்றி மோதின, நான் நாயைத் திட்டினேன். வேலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த மாமா சொன்னார்: "மருமகன், நாய் சரியாத்தான் செய்யுது. நீதான் குறுக்க நிக்கிறாய்."

கடிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஆடு, நீங்கள் 6 மணியில் நின்றால் நாய் 12 மணிக்குப் போகத் துடிக்கும். நீங்கள் 3க்கு நகர்ந்தால் அது 9க்கு ஓடும். இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம், பிறவியிலேயே இருக்கிறது. நீங்கள் பின்னோக்கி நடந்தால் போதும், ஆடு உங்களோடு வரும். ஆட்டின் தோளுக்குப் பின்னால் நாய் நெருங்கினால் ஆடு முன்னே போகும். தோளுக்கு முன்னால் வந்தால் நின்று திரும்பும்.

அப்புறம் சொற்கள். ஆங்கிலேய இடையர்கள் வலஞ்சுழிக்கு ஒன்று, இடஞ்சுழிக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். நான் பெரிய கெட்டிக்காரன் போல "எழுவான்", "படுவான்" என்று, வாவியின் கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் எங்கள் ஊரில் சொல்கிற பெயர்களை வைத்தேன். நிறுத்துவதற்கு "படு". படுவான் என்று கத்தும்போதெல்லாம் மணி தொப்பென்று படுத்துவிட்டாள்! வாயின் முதல் ஒலியைத்தான் அவள் கேட்கிறாள். ஒரு கிழமைக்குப் பிறகு "படு" போய் "இரு" வந்தது. உங்கள் சொற்கள் ஒன்றோடொன்று ஒலியில் ஒட்டாமல் பாருங்கள். நிறுத்தும் சொல்லை ஆட்டைக் காட்டுவதற்கு முன்பே, வீட்டு முற்றத்தில் சோற்றுக் கிண்ணத்தை வைத்துப் பழக்குங்கள்.

நாய் கூட்டத்துக்குள் பாய்ந்து கடித்தால் அது பெரும்பாலும் மிகக் கிட்ட வந்து இறுகிப் போனதால்தான். அடிக்காதீர்கள். தடியை நீட்டி அதன் தோள் பக்கம் ஓரடி வையுங்கள். விலகி அகல ஓடும். விலகியதும் நீங்களும் பின்வாங்குங்கள். அந்த விலகலுக்கான கூலி அதுதான்.

நம் வெயிலுக்கு இந்த மயிர் ஆகாது. காலை 8 மணிக்கு முன், அல்லது பொழுது சாயும்போது, பத்தே நிமிடம். தானாக நிற்கிற நாய் இல்லை இது. நாக்கு அகன்று தொங்கி, கால் தள்ளாடினால் நிழலுக்குக் கொண்டுபோய் வயிற்றிலும் காலிலும் தண்ணீர் ஊற்றி, உடனே மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். உண்ணியும் பாருங்கள், பட்டியில் இல்லாத உண்ணியா?

முடிக்கும்போது "போதும்" என்று ஒரு தடவை சொல்லி, நீங்கள் முதலில் ஆட்டுக்கு முதுகைக் காட்டி நடக்க வேண்டும். நின்று திரும்பிப் பார்த்தால் மணியும் திரும்பி ஆட்டைப் பார்ப்பாள், பிறகு வாவியில் பாதை புறப்பட்டுவிடும்.