பெற்றோரைத் திரட்ட நன்கொடை கேட்பது எப்படி?

அரசுப் பள்ளிக்கு ஸ்மார்ட் டிவி வாங்கிக் கொடுத்துச் சுவரில் பெயர் எழுதிக்கொள்ள ஆள் கிடைப்பார்கள். தெருத்தெருவாகப் போய்ப் பள்ளிக் குழுக் கூட்டத்துக்குப் பெற்றோரைத் திரட்டுகிறவருக்குச் சம்பளம் கேட்டால்தான், "அதுக்கு எதுக்குங்க பணம்?" என்பார்கள். மேலூர்ப் பக்கம் இந்த வேலைக்குக் கணக்கு எழுதுகிறவள் நான். பதில் சொல்லிச் சொல்லி எனக்குப் பழகிவிட்டது.

முதலில் சட்டத்தைக் காட்டுங்கள். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி, அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு என்ன வேண்டும் என்று திட்டம் எழுதுவதும் இவர்கள்தான். ஆனால் கூட்டம் வேலை நாளில். சித்தாள் வேலைக்குப் போகிற அம்மா அன்றைய கூலியை விட்டுவிட்டா வருவார்? அவர் வராவிட்டால், தீர்மான நோட்டு மட்டும் வீடு தேடி வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போகும். கழிப்பறையில் தண்ணீர் வராதது அந்த நோட்டில் ஏறவே ஏறாது. அதனால்தான் முந்தின நாள் இரவே தெருவில் உட்கார்ந்து பேச ஓர் ஆள் தேவை.

பட்ஜெட்டில் 'நிர்வாகச் செலவு' என்று ஒரே வரி போடாதீர்கள், கண்ணில் பட்டதும் அடித்துவிடுவார்கள். ஒருங்கிணைப்பாளர் ஊதியம், தெருக்கூட்டத்துக்கு டீ வடை, ஜெராக்ஸ், தகவல் உரிமை மனுவுக்குத் தலா 10 ரூபாய் என்று பிரித்து எழுதுங்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஷேர் ஆட்டோவுக்கு மட்டும் போட்டால் போதும்.

சரி, யாரிடம் கேட்பது? 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவில் வருகிற நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழித்தாக வேண்டும். ஆனால் அவர்களுக்குப் போட்டோ எடுக்கக் கூடிய பொருள்தான் பிடிக்கும். குழு உறுப்பினர்களுக்குப் பயிற்சி என்று கேட்டால் ஓரளவு நடக்கும். என் நம்பிக்கை ஊர்க்காரர்கள் மேல்தான். மதுரை அருகே யா. கொடிக்குளத்தில் ஆயி அம்மாள், இறந்துபோன மகள் நினைவாக 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை அரசுப் பள்ளிக்கு எழுதிக்கொடுத்தார். பேச்சை அங்கிருந்துதான் தொடங்குவேன். எதிரில் இருப்பவர் அதற்கு மேல் டீச்செலவுக்குக் கணக்குப் பார்ப்பதில்லை.

வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர்களிடம் பாஸ்போர்ட்டைக் கேட்டுவிடுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பலாம். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டவர் தருவது வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு இல்லாமல் தொடக் கூடாது.

தேர்தல் நெருங்கும்போது கட்சிக்கரை வேட்டியோடு வருகிற கவரை வாங்காதீர்கள், அப்புறம் எதிர்க்கட்சி வீட்டு அம்மாக்கள் கூட்டத்துக்கு வர மாட்டார்கள். ரொக்கம் 2,000 ரூபாயைத் தாண்டினால், கொடுப்பவருக்கு 80ஜி என்று சொல்கிற வருமான வரிச் சலுகை கிடையாது. கல்யாண மண்டபத்தில் பார்த்து மொய் மாதிரி நீட்டுகிறவர்களிடம் டிரஸ்ட் வங்கிக் கணக்கு அச்சடித்த அட்டையைக் கொடுத்துவிடுங்கள்.