மலை நூலகங்களில் வீடியோ கேசட்டுகளைக் கழிக்கும் முன்

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், நூலக அலமாரியிலுள்ள பழைய வீடியோ கேசட்டுகளை ஒருமுறை எடுத்துப் பார்த்துத் தரம் பிரித்துவிடுவது நல்லது. ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016-இல் விசிஆர் (கேசட்டை ஓட்டும் கருவி) தயாரிப்பை நிறுத்திவிட்டதால், இருக்கும் கருவி பழுதானால் புதியது வாங்க வழியில்லை.

கேசட்டின் சிறு சாளரத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நாடாச் சுருளின் விளிம்பில் வெண்மையாகத் திட்டுத் திட்டாகவோ நூலாம்படை போலவோ தெரிந்தால் அது பூஞ்சை. அப்படியே ஓட்டினால் நாடா அறுந்துபோகக்கூடும் என்பதோடு, கருவிக்குள் உதிரும் பூஞ்சை அடுத்துப் போடும் நல்ல கேசட்டையும் பற்றும் என்பதால், அதை உடனே தனியே எடுத்து வையுங்கள்.

கடையில் வாங்கிய திரைப்படங்கள் டிவிடியில் கிடைக்குமானால் தயங்காமல் கழிக்கலாம். ஆனால் படுகர்களின் ஹெத்தையம்மன் திருவிழா, தோடர் மந்தில் (குடியிருப்பில்) நடந்த சடங்கு, பள்ளி ஆண்டு விழா என உள்ளூரில் எடுத்த பதிவுகளுக்கு வேறு பிரதி இருக்காது. பெயர் எழுதாத கேசட்டுகளில்தான் இவை மறைந்திருக்கக்கூடும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாமல் அவற்றைக் கழிக்கவே கூடாது. பூஞ்சை பிடித்திருந்தாலும், அனுபவமுள்ளவர்களிடம் கொடுத்துச் சுத்தம் செய்து டிஜிட்டலாக்குங்கள். இலாப நோக்கற்ற பொது நூலகம், தன்னிடமுள்ள படைப்பைப் பாதுகாப்பதற்காக மின்னணு வடிவில் சேமித்துக்கொள்ள, 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடமளிக்கிறது.

கழித்தவற்றைப் பதிவேட்டில் குறித்தபின், எரிக்காமல் மறுசுழற்சிக்கு அனுப்புங்கள்.