ஃபீனிக்ஸ் செயலியோடு ஈஜாபர்டி சாட்டை இணைப்பது எப்படி

சாட் சர்வரான ஈஜாபர்டி எழுதப்பட்டிருப்பது எர்லாங் மொழியில், ஃபீனிக்ஸில் கட்டிய வெப் செயலி எலிக்ஸிர் மொழியில், இரண்டும் ஓடுவது பீம் என்ற ஒரே வகை மெய்நிகர் இயந்திரத்தில். அதனால் எலிக்ஸிர் ப்ராஜெக்ட்டின் மிக்ஸ் கோப்பில் ஈஜாபர்டியை ஒரு வரி சேர்த்தால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஹெக்ஸ் என்ற பேக்கேஜ் களஞ்சியத்தில் பேக்கேஜும் இருக்கிறது, ஓடவும் ஓடும். ஆனாலும் செய்யாதீர்கள். ஃபீனிக்ஸை டிப்ளாய் செய்து ரீஸ்டார்ட் பண்ணும்போதெல்லாம் சாட்டில் இருக்கிற அத்தனை பேரின் இணைப்பும் அறுந்துபோகும், அப்புறம் எக்ஸ்பாட், யாமல், ஓபன்எஸ்எஸ்எல் என்று சி லைப்ரரிகள் உங்கள் பில்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டையும் தனித்தனி நோடாக, அதாவது தனித்தனி பீமாக ஓட்டுங்கள், அடையாளத்தை மட்டும் பகிருங்கள்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு லோரி குத்தகைக்காரருக்கு நான் அமைத்ததையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். செம்பனைக் குலை ஏற்றும் டிரைவர்கள், மண்டோர் (மேற்பார்வையாளர்), தராசுக் கிராணி (எடைக் கணக்கர்) எல்லாரும் ஒரே இடத்தில் பேச வேண்டும், பேச்சு நம் டேட்டாபேசிலேயே இருக்க வேண்டும். "புலனத்துல குரூப் போட்டா போதாதா தம்பி?" என்றார் அவர். (புலனம், அதாவது வாட்ஸ்அப்பே, ஆரம்பத்தில் ஈஜாபர்டியில்தான் ஓடியது, அது வேறு கதை.)

முதலில் லாகின். டிரைவர் ஃபீனிக்ஸில் ஒருமுறை நுழைந்தால் போதும், சாட்டுக்குத் தனிக் கடவுச்சொல் வேண்டாம். ஈஜாபர்டியின் கான்ஃபிக் கோப்பில் ஆத்_மெதட் என்பதை ஜேடபிள்யூடி (கையொப்பமிட்ட டோக்கன்) என்று வைத்து, ஜேடபிள்யூடி_கீ வரியில் சாவிக் கோப்பின் பாதையைக் கொடுங்கள். அதே சாவியால் ஃபீனிக்ஸில் ஜோக்கன் லைப்ரரி வைத்து டோக்கனுக்குக் கையொப்பம் போட வேண்டும். டோக்கனில் ஜேஐடி என்ற ஃபீல்டில் பயனர்@டொமைன் என்கிற முழு முகவரி இருக்கட்டும், கூடவே காலாவதி நேரமும், அது இல்லாத டோக்கனை ஈஜாபர்டி ஏற்காது. பயனர் பெயராக போன் நம்பரைப் போடாதீர்கள், இங்கே சிம் மாற்றாத டிரைவர் யார்? உள் பதிவு எண்ணே நல்லது. கடவுச்சொல் போகும் இடத்தில் டோக்கன் அப்படியே போவதால் இணைப்பை மறையாக்கும் டிஎல்எஸ் கட்டாயம்.

இனி எஸ்டேட்டுக்கே உரிய தலைவலி. லோரி செம்பனைக்குள் நுழைந்ததும் லைன் போய்விடும், மெயின் ரோட்டுக்கு வந்தால்தான் திரும்பும். ஈஜாபர்டியின் மாட்_ஸ்ட்ரீம்_எம்ஜிஎம்டி மாட்யூல் அறுந்த இணைப்பை வழக்கமாக 300 விநாடி வைத்திருக்கும், அதற்குள் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் அப்படித் தொடர்வதற்கும் முதலில் லாகின் ஆக வேண்டும், அதற்குள் டோக்கன் காலாவதி ஆகியிருந்தால் சர்வர் உள்ளேயே விடாது, போனில் வெறும் "தோல்வி" என்று மட்டும் வரும், எங்கே பிழை என்று தேடித் தேடிக் கண் பூத்துவிடும். ஒவ்வொரு முறை இணையும் முன்பும் போனில் உள்ள செயலி ஃபீனிக்ஸிடம் புது டோக்கன் கேட்கட்டும். அந்த 300 விநாடியைக் குறிக்கும் ரிஸ்யூம்_டைம்அவுட்டை 900 ஆக்கினாலும் தப்பில்லை, மெமரி கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

அந்த நேரமும் தாண்டிவிட்டால், சர்வரில் சேமித்த செய்திகளின் ஆர்க்கைவ்தான் கைகொடுக்கும். அதற்கான மாட்_மாம் மாட்யூலைப் போட்டால் மட்டும் போதாது, அதன் டிஃபால்ட் 'நெவர்', நீங்கள்தான் 'ஆல்வேஸ்' என்று மாற்ற வேண்டும். குரூப்புகளுக்கு மாட்_மக் பகுதியில் டிஃபால்ட்_ரூம்_ஆப்ஷன்ஸில் மாம், பெர்சிஸ்டென்ட் இரண்டையும் ட்ரூ ஆக்குங்கள். ஆர்க்கைவை எர்லாங்கோடு வரும் நேசியா டேட்டாபேசில் வைத்தால் 2 ஜிபிதான் எல்லை. போஸ்ட்கிரஸில் வையுங்கள்.

சரி, ஃபீனிக்ஸிலிருந்து ஈஜாபர்டியை இயக்குவது. புது லோரிக்கு ரூம் திறப்பது போன்ற வேலைக்கு எர்பிசி கால் (வேறு நோடில் உள்ள ஃபங்ஷனை இங்கிருந்தே இயக்கும் வழி) மூலம் மாட்_மக்_அட்மின் மாட்யூலின் கிரியேட்_ரூமைக் கூப்பிடலாம்: ரூம் பெயர், கான்ஃபரன்ஸ் டொமைன், ஹோஸ்ட், மூன்றும் இரட்டை மேற்கோளில், அதாவது பைனரியாக. ஒற்றை மேற்கோள் போட்டால் எலிக்ஸிர் அதை எழுத்துப் பட்டியலாக எடுத்துக்கொள்ளும், மறுபக்கம் பிழைதான் வரும். இரண்டு நோடுக்கும் எர்லாங் குக்கி (நோடுகள் ஒன்றையொன்று ஏற்க வைக்கும் ரகசியச் சொல்) ஒன்றாக இருக்க வேண்டும். ஈஜாபர்டி அட் லோக்கல்ஹோஸ்ட் என்பது குறும்பெயர், அதனால் ஃபீனிக்ஸையும் எஸ்நேம் (குறும்பெயர்) கொடுத்தே தொடங்குங்கள், நேம் (முழுப்பெயர்) கொடுத்தால் இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. ஈஜாபர்டி நோடின் பெயரை மட்டும் பின்னால் மாற்றாதீர்கள், நேசியா டேபிள்கள் அந்தப் பெயரோடு கட்டுண்டவை. நோடுகள் ஒன்றையொன்று தேடும் 4369 போர்ட்டை வெளியே திறக்கவும் வேண்டாம், குக்கி கையில் கிடைத்தவன் உங்கள் சர்வரில் எதையும் ஓட்டலாம்.

சோதிக்கும்போது ஆபீஸ் வைஃபையை நம்பாதீர்கள். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, நீங்கள் வைத்த ரிஸ்யூம் நேரத்தைவிடக் கூடுதலாகக் காத்திருந்து, அதற்கிடையே வேறு போனிலிருந்து செய்திகள் அனுப்பி, திரும்ப ஆன் செய்யுங்கள். எல்லாம் வரிசையாக வந்தால் சரி. லாகினே ஆகவில்லை என்றால் டோக்கனைப் பாருங்கள், லாகின் ஆகியும் நடுவில் ஓட்டை இருந்தால் மாட்_மாம்.