பழைய மில்லிங் மெசினை சிஎன்சி, அதாவது கொம்பியூட்டரால ஓடுற மெசின், ஆக்க முதல் இதை வாசியுங்கோ

போன மாசம் மல்லாவிப் பக்கத்தால ரெண்டு பொடியள் மில்லிங் மெசின்ர மேசையை மட்டும் கழட்டி பட்டாவில ஏத்திக்கொண்டு கிளிநொச்சிக்கு என்ர பட்டறைக்கு வந்தவங்கள். "அண்ணை, மோட்டர் புதுசு, மோட்டர் ட்றைவரும் புதுசு, புரோகிராமும் சரி, ஆனா வட்டம் வெட்டினால் வட்டமா வருதில்லை." அசைவை அளக்கிற டயல் கேஜ் வைக்கவே தேவையில்லை, மேசைக்குக் கீழ இருந்த பழைய ஸ்குரூவைப் பார்த்தவுடனே விளங்கிட்டுது. நான் செய்த அதே கூத்து.

வயர் மாறிக் குடுக்கிறது, எர்த் போடாமல் விடுறது, இதுகளைப் பற்றி எழுதேல்லை. ரெண்டு தரம் புகை வந்தால் நீங்களே படிப்பியள்.

பிளேயை சொஃப்ட்வெயாரில எடுக்கலாம் எண்டு நம்புறது

இந்த வசனத்தைக் கேட்டால் எனக்கு இப்பவும் ஏறும்.

கையால வேலை செய்யேக்க பிளே, அதாவது ஸ்குரூவைத் திருப்பேக்க மேசை அசைய முதல் வாற வெறும் ஆட்டம், ஒரு பிரச்சினையே இல்லை, ஏனெண்டால் கைப்பிடியை எப்பவும் ஒரே பக்கத்தாலதான் அளவுக்குக் கொண்டுவருவம், தாண்டிட்டால் ஒரு சுத்து பின்னால போய்த் திரும்ப வருவம், பிறகு லொக்கை இறுக்கிப்போட்டு வெட்டுவம், அது கைப்பழக்கம், யோசிச்சுச் செய்யிறேல்லை. கொம்பியூட்டருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஒரு வட்டத்துக்குள்ள எக்ஸ் (மேசை இடம் வலம் போறது) ரெண்டு தரம் திரும்பும், வை (முன் பின் போறது) ரெண்டு தரம் திரும்பும், திரும்புற நேரம் மோட்டர் சுத்தும், மேசை அசையாது. வட்டத்தில நாலு இடத்தில தழும்பு மாதிரி வாறது அதுதான்.

என்ர மெசின்ல எக்ஸில 0.35 மில்லிமீற்றர் பிளே. மெசினை ஓட்டுற மாக்3 சொஃப்ட்வெயாரில அந்த இலக்கத்தை அடிச்சு விட்டன். கட்டருக்குப் பதிலா பேனையைக் கட்டி கீறிப் பார்த்தால் வட்டம் எண்டால் அப்பிடி ஒரு வட்டம். வீட்டில எல்லாருக்கும் அந்தப் பேப்பரைக் காட்டினனான்.

பேனை மேசையை இழுக்காது, கட்டர் இழுக்கும். பிளேக்குள்ள மேசை பிடியில்லாமல் கிடக்கு, சொஃப்ட்வெயார் கணக்குப் பார்த்துத் தள்ளி வைச்ச இடத்தில இருந்து கட்டர் அதை தன்ர பக்கம் பிடிச்சு இழுத்துப்போடும், கிளைம்ப் கட் (கட்டர்ப் பல்லு போற பக்கத்துக்கே மேசையும் போற வெட்டு) எண்டால் இன்னும் மோசம். இது விளங்காமல் காலபோக அறுவடை நேரம் ஒரு ஐயாவின்ர சூடடிக்கிற மெசினுக்கு பெயாரிங் ஹவுசிங் வெட்டிக் குடுத்தன். 6206 பெயாரிங், ஓட்டை 62 மில்லிமீற்றர் வரவேணும். வேர்னியரை ஒரு பக்கம் மட்டும் வைச்சுப் பார்த்தன், சரி. மற்றப் பக்கம் 0.2 கூட. மூண்டாம் நாள் வயலுக்க நடுவில வெளி வளையம் ஹவுசிங்குக்குள்ளயே சுத்தி, ஷாஃப்ட் சூடாகி இறுகி நிண்டிட்டுது. ஐயா ஏசவே இல்லை. "தம்பி, நீ பழையபடி கையாலயே செய்து தந்திருக்கலாமே" எண்டு மட்டும் கேட்டார். காசைத் திருப்பிக் குடுத்து, ஷாஃப்டும் என்ர காசில போட்டுக் குடுத்தன்.

பிறகு நட்டை இறுக்கினன். பழைய ஸ்குரூ நடுவிலதான் கூடத் தேஞ்சிருக்கும், நடுவுக்குச் சரியா இறுக்கினால் ரெண்டு தொங்கலிலயும் பிடிச்சு நிக்கும், தொங்கலுக்குச் சரியாக்கினால் நடுவில ஆடும். கடைசியா 1605 போல் ஸ்குரூ (நட்டுக்குள்ள குண்டு உருளுற ஸ்குரூ) வாங்கிப் போட்டன், போட்டும் 0.1 மிச்சம்! ரெண்டு கிழமை நட்டை ஏசிக்கொண்டு திரிஞ்சு பார்த்தால் ஸ்குரூ முழுசா முன்னுக்கும் பின்னுக்கும் போகுது, ஸ்குரூ நுனியைத் தாங்க விலை குறைய வாங்கின பிகே12 புளொக்குக்குள்ள சாதாரண பெயாரிங். அதுக்குள்ள ஆங்குலர் கொன்டக்ட் (முன் பின் தள்ளுறதைத் தாங்குற) பெயாரிங் சோடி இருக்கவேணும்.

அதால மோட்டர் வாங்க முதல் ஸ்குரூ சுத்தாமல் பிடிச்சுக்கொண்டு மேசையைக் கையால தள்ளி இழுத்து டயல் கேஜைப் பாருங்கோ. நடுவில, ரெண்டு தொங்கலில, மூண்டு இடத்திலயும். கேஜை ஸ்குரூ நுனியிலயும் ஒருக்கா வையுங்கோ, நட்டோ பெயாரிங்கோ எண்டு பிரிஞ்சு தெரியும். காசு முதல் அங்க போகட்டும், பழைய கொம்பியூட்டரோட கொஞ்சநாள் சமாளிக்கலாம்.

கரண்ட் போனால் தலை விழும்

பழைய ஸ்குரூ உராய்வில தானே நிக்கும், போல் ஸ்குரூ நிக்காது. ஸ்டெப் ஸ்டெப்பா சுத்துற ஸ்டெப்பர் மோட்டர் பிடிக்கிறது கரண்ட் இருக்கிற வரைக்கும்தான். எங்கட பக்கம் பின்னேரம் இடி முழங்கினால் கரண்ட் நிக்குமோ போகுமோ எண்டு சொல்லேலாது, போனால் செட்டில வேலை கிடக்க கட்டர் பூட்டின தலை பாரத்தோட கீழ இறங்கி கட்டரை முறிக்கும். எதிர்ப்பாரம் கட்டுங்கோ, இல்லாட்டி காஸ் ஸ்பிரிங், காசிருந்தால் பிரேக் மோட்டர். கொம்பியூட்டருக்கு மட்டும் யூபிஎஸ் போட்டு ஒரு பிரயோசனமும் இல்லை, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், மோட்டருக்குக் கரண்ட் இருக்காது.

பெரிய மோட்டர் போட்டால் சரி எண்டு நினைக்கிறது

24 வோல்ட்டில பெரிய ஸ்டெப்பர் வேகமெடுத்தால் பலமில்லாமல் சுத்தவேண்டிய ஸ்டெப்பில சிலதைத் தவற விடும், விட்டதைச் சொல்லவும் மாட்டாது. வோல்ட்டைக் கூட்டுங்கோ, டிஎம்542 ட்றைவர் 50 வரைக்கும் தாங்கும், நான் 36இல ஓட்டுறன். மைக்ரோஸ்டெப்பை (ஒரு ஸ்டெப்பைத் துண்டு துண்டாப் பிரிக்கிறது) கூட்டினால் துல்லியம் கூடாது, சத்தம்தான் குறையும்.

லிமிட் சுவிச் (மேசை எல்லைக்கு வந்தால் நிப்பாட்டுறது) வயரையும் மோட்டர் வயரையும் ஒண்டாக் கட்டுறது

கட்டாதேங்கோ.

கைப்பிடியை அப்பிடியே விடுறது

கழட்டுங்கோ. வேகமா சுத்தேக்க பிடி சேட்டைப் பிடிச்சு இழுக்கும், என்ர ஒரு சேட் போட்டுது.