தண்ணீர் மீட்டர் மாற்ற வந்தால் ரெண்டு போட்டோ

பழைய தண்ணீர் மீட்டரைக் கழற்றும் முன் அதன் ரீடிங்கும் சீரியல் நம்பரும் தெரியும்படி ஒரு போட்டோ எடுங்கள். புதியதை மாட்டியதும் அதே மாதிரி இன்னொன்று. பழைய மீட்டர் போனபின் கடைசி ரீடிங்குக்கு உங்களிடம் வேறு சாட்சி கிடையாது. கறுப்பு எண்கள் கிலோலிட்டர், சிவப்பு அதற்குக் கீழுள்ள லிட்டர் கணக்கு. கறுப்பில் கடைசி இலக்கத்தை ஒன்று கூட்டி எழுதினாலே 1,000 லிட்டர் உங்கள் தலையில். கண்ணாடியில் சேறு படிந்திருந்தால் துடைத்துவிட்டு எடுங்கள், ஃபிளாஷ் வேண்டாம், எண்ணே தெரியாது.

ஓடாமல் நின்றுபோன மீட்டருக்கு இது உதவாது. அங்கே பெரும்பாலும் சராசரிக் கணக்குதான், பழைய பில்களைத் தேடி வையுங்கள். மாதம் இவ்வளவு என்று நிலையான கட்டணம் கட்டும் வீடுகளுக்கும் தேவையில்லை.