விளக்கைப் போட்டால் ஏறிய ஆயில் சூடு

நானே கட்டிய இரண்டு இருக்கை அலுமினிய கிட் விமானத்தில் புதிதாக ஒரு லேண்டிங் லைட் வைத்தேன். அதைப் போட்டதும் ஆயில் டெம்பரேச்சர் சட்டென்று 8 டிகிரி ஏறும், அணைத்தால் உடனே இறங்கும். ஆயில் ஒரு நொடியில் சூடாகாது, ஆக மீட்டர்தான் தப்பாகக் காட்டுகிறது.

சென்சாரை மாற்றினேன், பயனில்லை. அதன் ஒயரைப் புதிதாக இழுத்தேன், அதுவும் வீண். நாலு நாள் போயிற்று.

அப்புறம்தான் கவனித்தேன்: எஞ்சின் ஓடாதபோது விளக்கைப் போட்டால் முள் அசையவே இல்லை! அப்போது விளக்குக்கு மின்சாரம் தருவது பேட்டரி; எஞ்சின் ஓடும்போது தருவது ஆல்டர்னேட்டர் (எஞ்சின் சுழற்றும் மின்னாக்கி). அப்படியானால் ஆல்டர்னேட்டரின் மின்சாரம் விமான உடம்பு வழியே எஞ்சினுக்குத் திரும்பும் எர்த் வழியில்தான் கோளாறு. ஒற்றை ஒயர் சென்சாருக்கும் எஞ்சின் உடம்புதான் எர்த், அதனால் அந்தக் கோளாறு மீட்டரிலும் தெரியும். எஞ்சினை ஓடவிட்டு, விளக்கையும் போட்டு, எஞ்சின் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்தேன் (புரொப்பெல்லர் சுற்றும்போது பின்பக்கமாகவே நிற்க வேண்டும், சக்கரத்துக்குக் கட்டை அவசியம்). 0.3 வோல்ட் காட்டியது.

ஃபயர்வாலில் (எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தடுப்புத் தகடு) எர்த் பட்டையின் லக்குக்கு (முனையில் உள்ள உலோக வளையம்) அடியில் பிரைமர் பெயின்ட் இருந்தது. சுரண்டி, உலோகம் பளிச்சென்று தெரிந்தபின் இறுக்கினேன். இப்போது 0.02 வோல்ட். முள் அசையவில்லை. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.